மிக மிக அடங்கவில்லை

கூடுவாஞ்சேரியில் ரயில் கிளம்பியதும், எதிர் சீட்டில் யூனிபார்மோடு இருந்த சிறுமி அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள்.

"இன்னிக்கு பேசுறவங்க பேரு எழுதும்போது, லீடர் என் பேரையும் போர்டுல எழுதிட்டாம்மா."

"உன் பேரா? நிஜமாவா?"

"ஆமாம்மா. பக்கத்துல 'மிக மிக அடங்கவில்லை'ன்னு வேற போட்டா."

"யார்கூடடி பேசுன?"

"எல்லார்கூடயும். மிஸ் வந்து வெளிய நிக்க வெச்சாங்க. அங்க இன்னொருத்தி நின்னா. அவகூடயும் பேசுனேன்."

அம்மா உடனே போனை எடுத்தார்.

"என்னங்க, ஸ்கூல் மாத்துனதுலேருந்து யார்கிட்டயும் வாயே தொறக்கலன்னு அழுதோமே, இன்னிக்கு இவளை கிளாஸுக்கு வெளிய நிக்க வெச்சுட்டாங்களாம். வரும்போது ஜாங்கிரி வாங்கிட்டு வாங்க."