அந்த மஞ்சளா இல்லாத மஞ்சள்

இல்லண்ணே, மஞ்சள்தான் வேணும். ஆனா போன வாரம் நீங்க கலந்து குடுத்த மஞ்சள் வேணாம். குறையெல்லாம் ஒண்ணுமில்ல, பெயிண்ட் நல்லாத்தான் ஒட்டியிருக்கு. அதான் தொல்லையே.

சிரிக்காதீங்க. எப்படிச் சொல்றது... என் வீட்டுக்காரி கம்ப்யூட்டர் கேம் எழுதறவ. அந்தக் காலத்து கேம், எல்லாம் கட்டம் கட்டமா இருக்குமே, அது. அதுல ஓடுற பொம்மைக்குச் செவுருன்னா என்னன்னே தெரியாதாம். காலை வைக்கப்போற புள்ளி என்ன கலர்னு மட்டும் பாக்கும். கறுப்பா, போ. மஞ்சளா, முட்டிக்கிட்டே, நில்லு. அவ்ளோதான் அதோட மூளை. அதுலயும் இவ ஒரு குசும்பு பண்ணுவா. செவுத்துல ஓரிடத்துல மஞ்சளைத் துளி மாத்தி வெச்சிடுவா. நம்ம கண்ணுக்கு ஒரே செவுரு. பொம்மை சட்டுனு உள்ள பூந்து போயிடும். ரகசிய வழியாம்!

அவளுக்கு இப்ப கண்ணு மங்கிக்கிட்டே வருதுண்ணே. ஆமா, சின்ன வயசுதான். டாக்டர் கையை விரிச்சிட்டாரு. எல்லாமே சாம்பலாத் தெரியுதாம், மஞ்சள் மட்டும் பளிச்சுனு இருக்காம். அவதான் சொன்னா, ஏங்க, வீட்டையும் என் கேமா ஆக்கிடுங்க, மஞ்சளைப் பாத்தா நின்னுக்கறேன்னு. நிலைப்படி, மேசை ஓரம், மாடிப்படி நுனி, ஒண்ணு விடாம அடிச்சேன். அப்புறம் எதுலயும் முட்டிக்கல. நெத்தி வீக்கம்கூட வத்திடுச்சு.

வேற கலரா? அதான் தெரியாதேண்ணே. பச்சையும் சாம்பல், சிவப்பும் சாம்பல். அதனாலதான் மஞ்சள்லயே கொஞ்சம் தள்ளி... சரி, அவ கண்ணு என்ன கம்ப்யூட்டரா, துளி வித்தியாசம் தெரியறதுக்கு? தெரியாதுதான். இருந்தாலும் அந்தக் கலர் அட்டையை எடுங்களேன்.

ஆமா, எல்லாத்தையும் மறுபடி அடிக்கத்தான். ஏன்னா... அவ கண்ணுக்கு நானும் தெரியணும்ல? அதுக்காக மஞ்சள்ல ஒரு சட்டை வாங்கிப் போட்டுக்கிட்டேன். காலையில கூடத்துல எதிர்ல வந்தா. கண்டுபிடிக்கட்டுமேன்னு பேசாம நின்னேன். வந்தா. நின்னா. அப்படியே ஒதுங்கி, என்னைச் சுத்திக்கிட்டுப் போயிட்டா. போறவ சமையக்கட்டுப் பக்கம் பாத்துக் குரல் குடுக்கறா, ஏங்க, கூடத்து நடுவுலகூட அடிச்சிட்டீங்களான்னு.