மூன்றாவது சொம்பு

ஆட்டின் காதில் தண்ணீர் போனால் உடம்பைச் சிலிர்த்து உதறும். எங்கள் புதுச்சத்திரம் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். ஆனாலும் கருப்பனார் முன்னால் கிடாவை நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, அது சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று கும்பிடுகிறோம். அதில் தப்பில்லை ஐயா. பத்துப் பேர் ஒத்துப்போக ஏதாவது ஒன்று வேண்டுமல்லவா.

நீங்கள் கேட்டது காளியப்பனைப் பற்றி. என் சித்தப்பா மகன். நாலு பங்காளிகள் கூட்டாக நடத்திய கோழிப்பண்ணையில் காலையில் தண்ணீர் திறந்துவிடுவது அவன் வேலை. புரட்டாசியில் ஒரே நாளில் ஆறாயிரம் கோழி செத்தது. முந்தின நாள், கொட்டகை கழுவும் மருந்தைச் சத்துமருந்து என்று நினைத்துத் தொட்டியில் ஊற்றியவன் நான். இரண்டு கேனும் ஒரே வெள்ளை. யாருக்கும் வரக்கூடிய கைப்பிசகுதான்.

நான் யார்மேலும் பழி சொல்லவில்லை. டீக்கடையில் எங்கள் ஊர்க் கலைமணியிடம், "காளியப்பன் ரெண்டு நாளா ஒரு மாதிரி இருந்தானே, நீ பாத்தயா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். கலைமணி யோசித்தான். சாயங்காலத்துக்குள் காளியப்பன் கையில் கேனைப் பார்த்தவர்கள் மூன்று பேர் ஆனார்கள். மறுநாள் ஏழு பேர். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஏழாவது ஆள் அவன் எந்தக் கையில் பிடித்திருந்தான் என்பதுவரை சொன்னார். எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது.

கருப்பனாரிடம் கேட்டுவிடலாம் என்று முடிவானது. காளியப்பன் செய்திருந்தால் கிடா சிலிர்க்கட்டும். யார் தண்ணீர் ஊற்றுவது என்ற பேச்சு வந்தபோது அவனே என்னைக் காட்டிச் சொன்னான்: "எங்க கந்தவேலண்ணன் ஊத்தட்டுமுங்க. அவரு எனக்குத் துரோகம் பண்ண மாட்டாரு."

முதல் சொம்புக்குக் கிடா சும்மா நின்றது. இரண்டாவதுக்கும் அப்படியே. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அத்தனை பேரை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது சொம்பைக் காதோரமாகச் சாய்த்தேன். அதைக் கவனித்தவர்கள் உண்டு. அவர்களும் கும்பிட்டார்கள்.

காளியப்பன் சண்டை போடுவான் என்றுதான் எதிர்பார்த்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்கண்ணா, நாந்தான் தெரியாம ஊத்திப்போட்டனாட்ட இருக்குதுங்க. சாமி பொய் சொல்லுமுங்களா?" என்று அழுதான். அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "போனது போச்சு சாமி, உடு" என்றேன்.

பங்காளிகள் அவனைப் பண்ணைக்கு வரவேண்டாம் என்றார்கள். அவன் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டான். அமாவாசையன்று பண்ணைக் கிணற்றில் மிதந்தான். அவன் பெண்டாட்டி சென்னியம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஊரே திட்டுச்சுங்க, நீங்க ஒருத்தர்தான் அவரை ஒண்ணும் சொல்லலீங்க" என்று கையெடுத்துக் கும்பிடுகிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எல்லாம் நான் செய்ததுதான். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் போன வாரம் தனியாக ஒரு கிடாவைப் பிடித்துக்கொண்டு கருப்பனார் கோயிலுக்குப் போனேன். அவன் சாவுக்கு நான் காரணமில்லை என்றால் சிலிர்க்கட்டும் என்று கேட்டேன். இரண்டு சொம்புக்குச் சும்மா நின்றது. மூன்றாவது சொம்புக்கு நன்றாகவே சிலிர்த்தது ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.