இரண்டு ஆரியா

தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காலையில் படிக்க வேண்டும், ஐயா. மத்தியானச் சோறு உள்ளே போன பிறகு படித்தால் ஒன்றும் மண்டையில் நிற்காது. நான் வயது போன பிறகு எழுத்துப் படித்தவன், எனக்குத் தெரியும். அதனால்தான் ராஜதுரையையும் வேலைக்கு முன்னால் டீக்கடைக்கு வரச் சொல்லிப் பாடம் சொன்னேன்.

ராஜதுரை சாவு விசாரணைக்கு நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாக வந்து, நானே எழுதித் தருகிறேன். பெயர் மாசானம். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே ஏற்றுமதிக் கல் அடுக்கும் யார்டில் கிரேனுக்குச் சைகை காட்டுகிறவன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் யார்டில் இருந்த ராஜதுரை கிரேன் ஓட்டுநர் தேர்வு எழுதினான். ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. திருச்செந்தூர் போய்க் கும்பிட்டு வந்து, எல்லாக் கேள்விக்கும் இரண்டாவது கட்டத்திலேயே குறி போட்டான். தேறிவிட்டான். "படிச்சவன்லாம் பெயிலு அண்ணாச்சி, நம்ம ராசி அப்படி" என்று எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தான். நானும் ஒன்று தின்றேன்.

அந்த வருடமே, அதே யார்டில் வேலை பார்த்த என் மகன் சிவபாலன், தொங்கிய கல்லுக்குக் கீழே கட்டையைத் திருத்தி வைக்கக் குனிந்தான். காற்றில் சத்தம் கேட்காது என்று கையை விரித்து 'நிறுத்து' எனக் காட்டினான். ராஜதுரை அதை 'இறக்கு' என்று எடுத்துக்கொண்டான்.

விசாரணை நடந்தது. ஓட்டுநர் முறையாகத் தேறியவர், கீழே நின்றவர்தான் கவனக்குறைவு என்று எழுதினார்கள். ஏதோ ஆஸ்பத்திரித் தாள் என்று நினைத்து அதில் பெருவிரலை உருட்டிக் கொடுத்தேன். தெருவில் ஒருவர் வாசித்துச் சொன்ன பிறகுதான் விளங்கியது, குற்றம் என் பிள்ளைமேல் என்று நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் எழுத்துப் படிக்கப் போனேன்.

ராஜதுரை கெட்டவன் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். சாவு நடந்தால் உரிமம் நின்றுவிடும், மறுபடி தேர்வு எழுதித்தான் கிரேனில் ஏற முடியும். அதுவரை எங்களோடு தரையில் சங்கிலி கட்டினான். என் முகத்தைப் பார்க்கமாட்டான். அவன் மனைவி இந்துமதிக்குக் குழந்தை பிறந்த பிறகு ஒருநாள் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, இந்தத் தடவ ராசிய நம்ப மாட்டேன். ஒழுங்காப் படிக்கணும். நீரு சொல்லித் தாரீரா?"

"புத்தகம் இருக்குல்லா. வாசியேம்லே."

"எழுத்தப் பாத்தாலே தூக்கம் வருது. நீரு வாசிச்சுச் சொல்லும். உம்மகிட்ட வந்து கேக்க எனக்கு மொகம் இல்லதான்."

"காலையில வா" என்றேன்.

சைகைக்காரன் என்று பெயர்தானே தவிர, எங்கள் யார்டில் பெரும்பாலும் வாயால்தான் வேலை. தூக்க 'ஆவிஸ்', இறக்க 'ஆரியா'. கல்லை இறக்கவா, கிரேனின் நீண்ட கையான பூமை இறக்கவா என்று யாரும் கேட்பதில்லை. பழகியவனுக்கு இடத்தைப் பார்த்தே தெரியும். ஆனால் மறுதேர்வில் கிரேனை ஓட்டியும் காட்ட வேண்டும்; அப்போது வாயைத் திறக்கக் கூடாது, கை மட்டும்தான் பேசும். அங்கே இரண்டு ஆரியாவுக்கும் இரண்டு சைகை. ஆள்காட்டி விரலைக் கீழே நீட்டிச் சுற்றினால் கல்லை இறக்க வேண்டும். பெருவிரலைக் கீழே காட்டினால் பூமை இறக்க வேண்டும்.

இந்த இரண்டை மட்டும் மாற்றிச் சொல்லிக்கொடுத்தேன். மற்றதெல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே சொன்னேன். என் மகனின் கையைத் தப்பாகப் படித்தவன், என் கையைப் பார்த்தே சாகட்டும் என்று நினைத்தேன்.

நன்றாகப் படித்தான். டீக்கடை அற்புதமணி எங்களைப் பார்த்து, "ரெண்டு பேரும் ஊமப் பாசையில சம்பந்தம் பேசுதீயளோ?" என்பார்.

"பெயிலானா உம்ம கடையில கிளாஸ் கழுவ வாரேன், சோப்பு வாங்கி வையும்" என்பான் ராஜதுரை.

வீட்டில் தொட்டில் ஆட்டும்போதுகூட மற்றக் கையில் விரலைச் சுற்றிப் பார்ப்பானாம்.

தேர்வு எங்கள் யார்டிலேயே நடந்தது, சைகை காட்ட என்னைத்தான் நிறுத்தினார்கள். இருந்ததிலேயே கனமான கல்லைக் கட்டினேன். பழைய கிரேன். பாரம் கூடினால் அடிக்கிற மணி கெட்டு வெகுநாள் ஆகிறது. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். பாதுகாப்பு முக்கியம். ராஜதுரை கூண்டிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். தூக்கினான், திருப்பினான், நிறுத்தினான். எல்லாம் சரியாகச் செய்தான். பிறகு நான் ஆள்காட்டி விரலைக் கீழே நீட்டிச் சுற்றினேன். அவன் யோசிக்கவே இல்லை. பூமை இறக்கினான். பூம் தாழத் தாழக் கல் வெளியே தள்ளிப் போகும், கிரேனுக்குப் பிடிமானம் விட்டுப்போகும். நான் விரலை நிறுத்தவில்லை. சுற்றச் சுற்ற இறக்கிக்கொண்டே இருந்தான். வண்டி முன்பக்கமாகக் குப்புற விழுந்தது. கூண்டு நசுங்கிவிட்டது.

தேர்வு அதிகாரி என் தோளைத் தட்டி, "நீங்க காட்டினது சரியான சைகை, பயப்படாதீங்க" என்றார். பயம் எதுவும் இல்லை. அது சரியான சைகை என்று எனக்கும் தெரியும்.

நேற்று இந்துமதி அறிக்கையைக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை நானே வாசித்தேன். 'ஓட்டுநர் போதிய தயாரிப்பின்றித் தேர்வுக்கு வந்தார்' என்று இருந்தது.

"படிக்காமத்தான் செத்தாரா அண்ணாச்சி? பாடம் சொன்னது நீருதான, சொல்லும்" என்று கேட்டாள். நான் அறிக்கையை மடித்துக் கொடுத்தேன்.

அவன் செத்ததில் எனக்கு வருத்தம் இல்லை, ஐயா. ஆனால் அந்த வரி பொய். ராஜதுரை தயாராகத்தான் வந்தான். அதிர்ஷ்டத்தை நம்பாமல் என்னை நம்பினான். சொல்லிக்கொடுத்ததை ஒரு பிழையும் இல்லாமல் செய்தான். அதைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். செத்தவன்மேல் பொய் எழுதுவது பாவம்.