பாலத்துக்குக் கீழே மொண்ட தண்ணீர்

வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கு வந்த பேருந்தில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மடியில் தண்ணீர் கேன்.

“இதுலயும் பருப்பு வேகாதுங்க” என்றாள் அவள்.

“உங்க ஊரு ஓடைத் தண்ணிதான? நம்ம செல்லூரு போர் தண்ணியிலதான வேகாதும்ப?”

“ஓடைப் பாலத்துக்கு மேல, மலைப்பக்கம் ஏறி மோந்தா வேகும். அதுவரைக்கும் மலைப்பாறையில வருது. கீழ பூராம் சுண்ணாம்புக் கல்லு, அதுல ஓடி வந்தா தண்ணியில சுண்ணாம்பு ஏறிரும். நீங்க கீழதான மோக்குறீக?”

அவர் கேன் மூடியை இறுக்கினார். “எப்பயிருந்து தெரியும்?”

“போன வருசத்துலருந்து. அத்தைகிட்ட குக்கரு சரியில்லைன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். நேத்து புதுசு வாங்கிட்டாங்க.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா மேல ஏறுவீக. அந்த முழங்காலை வச்சுக்கிட்டு.”