தொடரப் பத்து வினாடி

நான் சத்தம்போட்டுப் பேசுகிறவன் இல்லை ஐயா. எங்கள் வீடியோ கேம் கூடத்தில் இருபத்திரண்டு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும். அங்கே பதினோரு வருடம் வேலை பார்த்தவனுக்குத் தொண்டையை வீணாக்கிப் பிரயோஜனமில்லை என்பது தெரிந்துவிடும். நீங்களும் மெதுவாகத்தான் கேட்கிறீர்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

தொழில் என்ற இடத்தில் மெக்கானிக் என்று எழுதிக்கொள்ளுங்கள். துடைக்கிறவன் என்று எழுதிவிடாதீர்கள். காரணம் பிறகு புரியும்.

நடந்தது விளங்க வேண்டுமென்றால் அந்த விளையாட்டு கொஞ்சம் விளங்க வேண்டும். சுவரோரமாகக் கடைசியில் நிற்கும் இயந்திரம் அது. திரையின் அடியில் உங்கள் விமானம். மேலிருந்து நிலம் உருண்டு வந்துகொண்டே இருக்கும்: காடு, ஆறு, மணல், பிறகு கோட்டை. நீங்கள் முன்னேறிப் போகிற மாதிரி இருக்கும். உண்மையில் நீங்கள் இருந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள். நிலம்தான் உங்கள்மேல் வந்து இறங்குகிறது. அதை நிறுத்த முடியாது. திரும்பிப் போகவும் முடியாது. கீழே போய் மறைந்தது மறைந்ததுதான். இரண்டு பட்டன். ஒன்று வானத்தில் வருவதைச் சுடும், மற்றது தரையில் இருப்பதன்மேல் குண்டு போடும். மூன்று உயிர். இவ்வளவுதான் விளையாட்டு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அது ஆடுகிறவனைக் கவனிக்கிறது என்று கண்டுபிடித்தவன் நான்.

நிறையச் சுட்டால், சாகாமல் ரொம்ப நேரம் தாக்குப்பிடித்தால், அதற்குக் கோபம் வரும். மெதுவாக மிதந்து வரும் வெள்ளைத் தட்டுகளை நிறுத்திவிட்டு, குண்டு கக்கும் கறுப்புத் தட்டுகளை அனுப்பும். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரரோ அவ்வளவு அடி. ஆனால் சில விமானங்களைச் சுடாமல் விட்டால் அது தணியும். எவற்றை விடுவது, எங்கே விடுவது என்பதில்தான் சூட்சுமம். ஆற்றின் இரண்டாவது வளைவில் வரும் மூன்று சின்ன விமானங்களைத் தொடக் கூடாது. மணல்வெளியில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் குண்டு போட்டால் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு கோபுரம் எழும். அதை அடித்துவிட்டால் விளையாட்டு எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து உங்களிடம் சாந்தமாக நடந்துகொள்ளும்.

இதற்கு எனக்கு மூன்று வருடம் ஆனது. தினமும் காலையில் கூடம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போவேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சந்தேகம், அதற்கு ஒரு சோதனை. பார்த்ததை நோட்டில் எழுதுவேன், படம் போடுவேன். நூற்று நாற்பது பக்கம். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். வாழ்க்கையில் ஆரம்பித்து முடித்த எழுத்து அது ஒன்றுதான்.

அந்த நோட்டை என் மனைவி அவள் தம்பியிடம் கொடுத்துவிட்டாள்.

அவளைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆயத்த ஆடைக் கம்பெனியில் காலர் தைப்பவள். தாய் போன பிறகு தம்பியை அவள்தான் வளர்த்தாள். கல்யாணமானபோது அவளோடு சேர்ந்து அவனும் எங்கள் இரண்டு அறைக்குள் வந்து சேர்ந்தான். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. கழுத்தில் டை, கையில் தோல் பை, வாயில் பேச்சு. டாக்டர்களிடம் பேசிப் பேசி, யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிவிடலாம் என்ற பழக்கம் வந்துவிட்டது அவனுக்கு. என்னிடம் அவன் கேட்கக்கூட இல்லை.

"நோட்டு எங்கே?" என்றேன் அன்றைக்கு.

"தம்பி பாத்துட்டுத் தரேன்னான். ஏங்க, நீங்க எழுதினதைப் படிக்க ஒரு ஆளாவது வேணாமா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நம்ம தம்பிதானே. அவனுக்குத் தெரிஞ்சா உங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

தட்டைக் கழுவி வைத்தேன். என்ன குறைந்துபோனது என்று அன்று யோசிக்க ஆரம்பித்தது, இங்கே உட்கார்ந்திருக்கும்போதும் நிற்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, அந்த விளையாட்டின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவன் என்று பத்திரிகையில் அவன் படம் வந்தது. என் இயந்திரத்தின்மேல் சாய்ந்துகொண்டு, டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு நிற்கிறான். கீழே அவன் சொன்னது அப்படியே இருந்தது. "யார்கிட்டயும் கத்துக்கல. கண்ணத் தொறந்து பாத்தேன், அவ்வளவுதான். எங்க மாமா அங்கதான் வேலை செய்றாரு, மிஷினெல்லாம் துடைச்சு வெப்பாரு. பாவம், அவருக்கு இதெல்லாம் தெரியாது."

பாவம் என்ற சொல்லைப் பத்திரிகைக்காரர்கள் வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை.

கூடத்து முதலாளியைச் சோடாபுட்டி என்போம், கண்ணாடி அவ்வளவு தடிமன். அவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வாசல் கதவில் ஒட்டினார். என் மனைவி இன்னொரு பிரதி வாங்கி அலமாரிக் கண்ணாடியில் செருகினாள். தினமும் தலை சீவும்போது நான் அவன் முகத்துக்குப் பக்கத்தில் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஒரே ஒரு முறை அவனிடம் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். "என் பேரை ஒரு ஓரமாச் சொல்லியிருக்கலாமே."

"ஐயோ மாமா, பேப்பர்காரங்களுக்கு ஒரு கதைதான் வேணும். அதுல ரெண்டு ஆளு வந்தா குழம்பிடும்." சொல்லிவிட்டுச் சிரித்தான். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கோபம் அவன்மேல்தான். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோபம் எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். சாலிடர் கம்பி வைத்து ஒட்டுவோமே, அந்த இரும்பு மாதிரி. பார்த்தால் சூடு தெரியாது, சிவக்காது. தொட்டால்தான் தெரியும். ஏழு வாரம் அப்படி இருந்தேன். வேலைக்கு நேரத்துக்குப் போனேன், அவன் சட்டைக்கும் சேர்த்து இஸ்திரி போட்டேன்.

பிறகு அந்த இயந்திரத்தில் ஒரு போட்டி அறிவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. ஏழு பேர். ஆளுக்கு ஓர் ஆட்டம். மூன்று உயிரும் போய்விட்டால் ஒரே ஒரு தடவை மட்டும் காசு போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று சோடாபுட்டி விதி வைத்தார். அவருக்கு விறுவிறுப்பு வேண்டும்.

அந்த வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மனைவியிடம் ஒரு ரகசியம் சொன்னேன்.

"கோட்டை வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு கறுப்புத் தட்டு தனியா வரும். அதைச் சுடவே கூடாது. அதுக்கு நேர் கீழ போய் நின்னா போதும், அதுவா ஒதுங்கிடும். அப்புறம் கோட்டை சும்மா தொறந்து விட்ட மாதிரி. இது நோட்டுல இல்ல. போன வாரம்தான் கண்டுபிடிச்சேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்? சத்தியமா சொல்ல மாட்டேன்," என்றாள். என் சட்டையின் காலரை நீவி நீவி மடித்தாள்.

உண்மை என்னவென்றால் அந்தத் தட்டு ஒதுங்காது. நேராக இறங்கி வந்து பதினாறு துண்டாக வெடிக்கும். அதைத் தூரத்திலேயே சுட்டுத் தீர்க்க வேண்டும். அங்கே ஓர் உயிர் போனால் சேர்த்து வைத்த ஆயுதமெல்லாம் போய்விடும். அந்தக் கட்டத்தின் ஆரம்பத்துக்கு, வெறும் ஒற்றைத் துப்பாக்கியோடு உங்களைத் திரும்பத் தள்ளும். ஒற்றைத் துப்பாக்கியோடு அந்த இடத்தைத் தாண்டியவனை நான் பார்த்ததில்லை. முதல் உயிரைத்தான் ஏமாற்றிப் பிடுங்க வேண்டும். மற்ற இரண்டும் தானாகப் போய்விடும்.

இதில் என்னுடைய நியாயத்தையும் பாருங்கள். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தால் எதுவும் நடந்திருக்காது. அவனும் பத்திரிகையில் பேசியபடி கண்ணைத் திறந்து பார்த்து ஆடியிருந்தால் எதுவும் நடந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வாசல்வரை நின்றது. அறுபது பேர் இருக்கும், நிருபரும் வந்திருந்தார். மச்சினனுக்குக் கடைசி முறை. அவனுக்கு முன்னால் ஆடியவன் முடித்ததும் நான் சோடாபுட்டியிடம் ஐந்து நிமிடம் கேட்டேன்.

"எதுக்குய்யா இப்போ?"

"மிஷினைத் துடைக்கணும்," என்றேன்.

பின்பலகையைக் கழற்றினேன். முன்பக்கம் காசு போடுகிற இடத்தில் இருக்கும் இரும்புத் தகட்டை மின்சாரத்தோடு சேர்த்தேன். எப்படி என்று உங்கள் ஆட்கள் படம் எடுத்துவிட்டார்கள், நான் விளக்க வேண்டாம். போட்டியில் முதல் ஆட்டத்துக்கு யாரும் காசு போடுவதில்லை. நான் உள்ளிருந்தே ஆரம்பித்துக் கொடுத்துவிடுவேன். கைப்பிடியும் பட்டனும் பிளாஸ்டிக். ஆகவே ஆடிக்கொண்டிருக்கும்வரை அவனுக்கு ஆபத்தே இல்லை. திரையில் சாகாமல் இருந்தால் நிஜத்திலும் சாக மாட்டான். ஒருத்தனை இதைவிட நேர்மையாக நடத்த முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

பலகையை மூடி, முன்னால் வந்து உண்மையாகவே மரப் பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டேன்.

நன்றாகத்தான் ஆடினான். பொய் சொல்ல மாட்டேன். ஆற்று வளைவில் மூன்று விமானங்களையும் விட்டான், கூட்டம் ஆச்சரியப்பட்டது. மணலில் குண்டு போட்டுக் கோபுரத்தை எழுப்பினான், கைதட்டினார்கள். என் நோட்டு பக்கம் பக்கமாகத் திரையில் புரண்டுகொண்டிருந்தது. முப்பத்தெட்டாம் பக்கம், நாற்பத்தொன்றாம் பக்கம். ஒவ்வொரு கைதட்டலுக்கும் அவன் தோளை லேசாகக் குலுக்கினான். என் மனைவி அவன் வலது பக்கம் நின்று, ஓர் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். நான் ஆடி அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. கூப்பிட்டிருந்தேன், இரண்டு மூன்று தடவை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க வேண்டும் என்பாள்.

கறுப்புத் தட்டு தனியாக வந்தது.

அவன் சுடுவதை நிறுத்தினான். அக்காவை ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்தான். அவள் தலையை மெதுவாக ஆட்டினாள், ஆமாம் அதுதான் என்பதுபோல். பிறகு தன் விமானத்தை நேர் கீழே கொண்டுபோய் நிறுத்தினான்.

அடுத்த இரண்டு உயிர்களும் சேர்ந்து ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. திரை கறுத்து, நடுவில் எண் வந்தது. தொடர வேண்டுமானால் காசு போட வேண்டும். பத்து வினாடி.

"அக்கா, காசு. சீக்கிரம்."

அவன் கைப்பிடியை விடவில்லை. நான் எதிர்பார்த்தது அவன் கையை. ஆனால் அவள் காசோடு தயாராகத்தான் நின்றிருக்கிறாள். தம்பிக்கு வேண்டியது எப்போதும் அவள் கையில் இருக்கும். பத்தில் அவன் கேட்டான். ஒன்பதில் அவள் குனிந்தாள். ஏழில் அவள் விரல் தகட்டில் பட்டது.

வேண்டாம் என்பது ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று எல்லோரும் கேட்பார்கள் என்று நினைத்தேன். நேற்று வந்த அதிகாரியிடம் சொன்னதும் இதுதான். அது பொய் இல்லை.

அவளை இழுக்கப்போன மச்சினன் தூக்கி எறியப்பட்டான். அவன் பிழைத்துக்கொண்டதாகச் சொன்னீர்கள். சரி.

இப்போது நீங்கள் மூன்றாவது தடவையாகக் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். மெயின் சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது, கையை உயர்த்தினால் போதும். "அணைய்யா, அணை," என்று சோடாபுட்டி கத்தினார். நான் மரம் மாதிரி நின்றேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதிர்ச்சி என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று நீங்களே பெருந்தன்மையாகக் கேட்டீர்கள். வேண்டாம் ஐயா. அதிர்ச்சி இல்லை.

அந்த மாதிரிப் பழைய இயந்திரங்களுக்கு ஞாபகசக்தி கிடையாது. மின்சாரம் போனால் அதிக ஸ்கோர் எடுத்தவர்களின் பட்டியல் அழிந்துவிடும். அதனால் எட்டு மாதமாக நான் அந்த ஒரு இயந்திரத்தை மட்டும் அணைத்ததே இல்லை. பட்டியலின் முதல் இடத்தில் இருந்தது என் ஸ்கோர். அதற்குப் பக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்து. அது யார் என்று நிருபர் கேட்டதற்கு, கம்பெனிக்காரன் போட்டு அனுப்பினது என்று மச்சினன் சொல்லியிருந்தான். என் மனைவி பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கும் அடையாளம் தெரியவில்லை. நான் அவளைக் கூப்பிடும் செல்லப்பெயர் அது. வீட்டில் வேறு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

எண் பூஜ்யத்துக்கு வந்தால்தான் பட்டியல் தெரியும். அறுபது பேர் இருக்கிறார்கள், பத்திரிகை இருக்கிறது. அவனுடைய ஸ்கோர் என்னுடையதற்குக் கீழே நிற்பதை எல்லோரும் ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று நினைத்தேன். ஆறு. ஐந்து. நான்கு. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

பூஜ்யம் வந்தது, பட்டியல் வந்தது. முதலில் அவள் பெயர். இரண்டாவது இடத்தில் அவன் பெயருக்கான மூன்று கோடு, எழுத்துக்காக மினுக்கிக்கொண்டு. ஆனால் திரையை யாரும் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன், நிதானமாகப் படித்தேன். அதன் பிறகு சுவிட்சை அணைத்தேன்.

ஏழிலேயே அணைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறார் உங்கள் டாக்டர். இருக்கலாம். ஆனால் அந்த ஏழு வினாடியும் நான் அவள் பெயருக்காகத்தான் நின்றேன். அதை மட்டும் கோபம் என்று எழுதிவிடாதீர்கள்.