பதினோரு ஓட்டைவாய்

எங்க ஊர்ப் பாதிரியார் தாடிமேல ஆணை தம்பி, நான் சொல்றதுல ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. ஆப்பிளை நீட்டாதீங்க. கோபமில்லை, கடிக்க முன்பல் இல்லை. இருபது வயசுலேருந்தே இல்லை. இன்னிக்கு எங்க ஊர் பன்டேலிமோன் பேத்தி கல்யாணம். அங்க அவனையும் சேர்த்து என்னை மாதிரியே பத்து ஓட்டைவாய்க் கிழவனுங்க உக்காந்திருப்பானுங்க. எல்லாம் ராணுவம் பண்ணின வேலை.

அப்பல்லாம் துப்பாக்கி மருந்தைக் காகிதத்துல சுருட்டித்தான் குடுப்பாங்க. அதைப் பல்லால கடிச்சுக் கிழிச்சுக் குழல்ல கொட்டணும். முன்பல் இல்லாதவனை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஆள் எடுக்க வர்றாங்கன்னு தெரிஞ்சதும் எங்க பசங்க எல்லாம் கொல்லன் கிளிகோர் பட்டறையில வரிசை கட்டிட்டானுங்க. ஒரு மடக்கு பிளம் சாராயம், அப்புறம் குறடு. நான் ஓடிட்டேன். எங்கப்பா காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தார். "ஊரே புத்தியோட இருக்கு, நீ மட்டும் சாகப் போறியாடா தோதெர்?"

மறுவாரம் படை டாக்டர் வந்து பதினோரு வாயையும் திறந்து பார்த்தார். சிரிக்கிறார் தம்பி. "புதுத் துப்பாக்கி வந்தாச்சு. பித்தளைத் தோட்டா, பின்பக்கமா போடணும். இனிமே நீங்க கடிக்க வேணாம், அதுவே கடிக்கும்." எல்லாரையும் சேர்த்துட்டார்.

மூணு வருஷம். அங்க குடுக்கிற ரொட்டியை வெச்சு சுவரே கட்டலாம்... கட்டினோம். டான்யூப் ஆத்தங்கரையில இன்னும் நிக்குது. ஒருநாள் தளபதி பார்வையிட வந்தார். நாங்க "வாழ்க"ன்னு கத்தினோம், பதினோரு ஓட்டையிலேருந்தும் விசில்தான் வந்துது. குதிரை மிரண்டு அவரை ஆத்துல தள்ளிடுச்சு. மூணு வருஷத்துல நாங்க வீழ்த்தின ஒரே ஆள் அவர்தான். அவரும் நம்ம ஆள்.

திரும்பி வந்து பார்த்தா, சவேதா கொல்லனைக் கட்டிக்கிட்டா. பல்லோட இருந்த ஒரே ஆம்பளை அவன்தானே.

சவேதாவா? சொல்லலையா... எனக்கும் பன்டேலிமோனுக்கும் அவமேல ஒரு கண்ணு. ஆனா அவன் சிரிச்சான்னா கிணத்தடியில பொண்ணுங்க குடத்தை நழுவ விட்டுடுவாங்க. அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிரச்சனை. அதனால சாராயக்கடையில அவன் காதுல மட்டும் போட்டேன், "முன்பல்லைப் பிடுங்கிடு, படைக்குப் போக வேணாம்." அவனுக்கு மட்டும்தான் தம்பி. அந்த நல்ல மனுஷன் ஊர்ப் பசங்க பூராவும் பொழைக்கட்டும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டான்.

யார் சொன்னதுன்னு போதையில மறந்துட்டான். நாப்பது வருஷமா நெத்தியைத் தட்டித் தட்டி யோசிக்கிறான். ஞாபகம் வர்ற அன்னிக்கு வேணும்னு ஒரு துப்பாக்கியை எண்ணெய் போட்டு வெச்சிருக்கான். பின்பக்கமா போடறதுதான்.

எழுந்துட்டீங்களே. இங்கயா இறங்கறீங்க? நானும்தான். அந்தப் பெட்டியில என்ன... பிடிலா? கல்யாணத்துல கதை கட்டிப் பாடறவரா நீங்க?

பாடுங்க, வேணாம்னு சொல்லலை. நல்ல கதை. யார் சொன்னதுன்னு கேட்டா மட்டும், ரயில்ல ஒரு கிழவன், ஆப்பிளை நறுக்குனு கடிச்சுத் தின்னுக்கிட்டே சொன்னான்னு சொல்லிடுங்க.