பசை அறை

— மறுபடி சொல்லுடி. லேப்ல பேசற மாதிரி இல்ல, உன் அக்காவுக்குப் புரியற மாதிரி.

— சரிக்கா. உன் உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டி.என்.ஏ.ன்னு ரெட்டை இழை நூல் ஒண்ணு இருக்கு. செல் என்ன செய்யணும்ங்கறது அதுலதான் எழுதியிருக்கு. நீ மோந்த பசையில பென்சீன் இருந்துச்சு. அது உள்ள போய் அந்த இழைய அரிக்கும்.

— பதினாறு வருஷம் மோந்தேனேடி! செருப்புக்கு அடி ஒட்டறவ மூக்கை வீட்டுல கழட்டி வச்சுட்டா போவா? இருந்தது ஒரே ஜன்னல். ஈரப் பசையில தூசி ஒட்டுதுன்னு மேஸ்திரி அதுக்கும் ஆணி அடிச்சிட்டான்.

— நீ உள்ள நுழைஞ்சாலே வீடு பூரா அந்த வாசம்தான்.

— அந்த வாசத்துலதான்டி உன்னப் படிக்க வச்சேன். ம், மேல சொல்லு.

— அரிச்சாலும் செல் சும்மா விடாதுக்கா. கெட்ட துண்ட வெட்டி எடுத்துட்டு, எதிர் இழையப் பார்த்து அதே மாதிரி நிரப்பிடும். தினமும் நடக்கற வேலை. ரெண்டு இழையும் ஒரே இடத்துல அறுந்தாதான் சிக்கல். கிடைச்ச முனைய கிடைச்ச முனையோட சேர்த்துடும்.

— இடது கால் அடிய வலது கால்ல ஒட்டின கதையா?

— அதேதான்.

— அப்படி ஒட்டினா மேஸ்திரி பிச்சு மூஞ்சியில வீசுவான்.

— செல்லும் அப்படித்தான். சரி பண்ண முடியலன்னா தானே செத்துப் போயிடும். சாகாம தப்பிச்ச ஒண்ணுதான் உன் ரத்தத்துல இப்ப புத்துநோயா பெருகிக் கிடக்கு.

— என்னமோ போ. எம் பக்கத்துல ஒருத்தி உக்காருவா, குண்டம்மான்னு கூப்பிடுவோம். எனக்கு முன்னாடியே சேர்ந்தவ. கல்லு மாதிரி இருக்கா. எனக்கு மட்டும் ஏன்டி?

— வெட்டி நிரப்பற அந்த வேலை உனக்குப் பிறவியிலேயே மந்தம்க்கா. குண்டம்மா உடம்பு அன்னன்னைக்கு சரி பண்ணிடுச்சு. உன்னது சேர்ந்துக்கிட்டே போச்சு. நேத்துதான் ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சு.

— அப்போ எலும்பு மஜ்ஜை மாத்தறது? உன்னது பொருந்தலன்னாங்க. எம் பொண்ணும்தான் டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தாளே!

— பொருந்துது. ஆனா...

— சொல்லித் தொலைடி.

— அவளுக்கும் அதே மந்தம். உன்கிட்டேருந்து போயிருக்கு. அவ மஜ்ஜைய எடுக்கறது சரியில்லன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார். வேற ஆள் தேடறாங்க. கிடைக்கும்னு... தெரியலக்கா. உன்கிட்ட பொய் சொல்ல வரல.

— என்னை விடு. நான் கேக்கறது அவளை. அவளுக்கு என்ன ஆகும்?

— அவளுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. அந்தப் பசைக் காத்து மட்டும் படக்கூடாது. படாம இருந்தா, அவ செல்லு மெதுவா சரி பண்றதே அவ ஆயுசுக்கும் போதும். காலேஜ், வீடுன்னு இருக்கற பொண்ணுதானே. நல்லவேளை... என்னக்கா? ஏன் என் கைய இப்படி இறுக்கற?

— அவ காலேஜ விட்டு அஞ்சு மாசமாச்சுடி. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. நான் படுத்த மறுவாரத்துலேருந்து என் ஸ்டூல்ல அவதான் உக்காந்து ஒட்டறா.